முதுகு காட்டி உட்கார்ந்தவள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
9 ஜூன் 2025

துர்கா,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். உன் முகவரியை உன் சித்தப்பா கிருஷ்ணசாமியிடம் வாங்கினேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. எங்கள் வீட்டில் இப்போது திரை என்று எதுவுமே கிடையாது. டிவிக்குப் போர்வை போர்த்தியாயிற்று. லேப்டாப் என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. என் போனை என் வீட்டுக்காரர் விக்ரம் சேதராப்பட்டு கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு ஒரு பட்டன் போன், புது சிம். அந்த நம்பரை உனக்குத் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். குழந்தை முன்னால் அழக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

நம் வகுப்பு குரூப்பிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியதற்கும், பள்ளியில் நாம் எடுத்த படத்தின் லிங்க்கை நீ அனுப்பியும் திறக்காமல் விட்டதற்கும் இதுதான் காரணம். கோபமாக இருப்பாய். இரு.

செல்விக்கு இரண்டரை வயதாகிறது. மாமனார் ஆசையாக வைத்த பெயர் செந்தமிழ்ச்செல்வி. ஒரு சொல் பேசவில்லை, துர்கா. "ம்மா" என்றுகூட இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கண்ணைப் பார்க்க மாட்டாள். பிடிவாதம். தனக்குள்ளேயே இருக்கிறாள். காது கேட்கிறதா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். மிக்ஸி போட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள், கேட்காமலா? பிளே ஸ்கூல் சந்திரகலா மேடம்தான் போட்டு உடைத்தார். "போன்ல வீடியோ காட்டித்தானே சோறு ஊட்டுறீங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் அதனாலதாம்மா ஊமையா திரியுதுங்க."

ஆமாம், காட்டினேன். சாப்பிடவே மாட்டாள், காட்டினேன். எந்த வீடியோ என்று பார்த்துப் பார்த்துத்தான் காட்டினேன். நல்ல வெளிச்சம், நீளமான ஷாட். அதிலும் எனக்கு ஒரு பெருமை, பார். சினிமாவை ஒரு கலையாக உட்கார்ந்து படித்தவள், அதைக் கொண்டே பெற்ற பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டேன்.

அத்தை தினமும் சாயங்காலம் சீரியலுக்கு எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறார். "இம்மாம் வயசுல நான் டிவி பார்த்தா யாரு வாயி அடைபடப் போவுது?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்.

மதியம் அவள் தூங்கும்போது நம் வகுப்பறை ஞாபகம் வருகிறது. ஜன்னலுக்கு அட்டை ஒட்டி இருட்டாக்கிய அந்த அறை. திரைத்துணி ஆடுகிறது என்று ஃபேனை நிறுத்திவிடுவார் சுமலதா மிஸ். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கடல் வாடை அட்டைச் சந்து வழியாக வரும். பிரெஞ்சுப் பிரிவு என்பதால் நமக்கு மட்டும் சினிமா ஒரு பாடம். மற்ற பிள்ளைகள் வாசலில் நின்று, "படம் பார்க்கிறதுக்கு மார்க்கா?" என்று வயிறெரிந்தார்கள். வாழ்க்கையில் பயமே இல்லாமல் நான் இருந்த இடம் அந்த இருட்டுத்தான்.

உண்மையைச் சொல். என்னால்தானா?

குழலி

*

துலூஸ்
28 ஜூன் 2025

அடியே கார்குழலி,

கோபமாகத்தான் இருந்தேன். நீ குரூப்பை விட்டுப் போனதும் நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேனோ என்று பழைய மெசேஜ் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. 'குடும்பம் ஆயிட்டா, நம்மளை மறந்துட்டா' என்று முடிவு கட்டினேன். போகட்டும்.

தமிழில் எழுதி எத்தனை வருஷம்! பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

முதலில் என் கதை. துர்கா பிரான்சில் சினிமாவில் இருக்கிறாள் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்கிறார் இல்லையா? சினிமாவில்தான் இருக்கிறேன். ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்க்கிறேன். படம் விட்டதும் சீட்டுக்கு அடியில் பாப்கார்ன் கூட்டுகிறேன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் எனக்குக் குடியுரிமை வந்தது, வந்துவிட்டேன். ஷாட் பார்க்கிற கண் உனக்குத்தான் இருந்தது. நீ அங்கே டிவிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கிறாய். நல்ல ஜோடி.

நம் பரீட்சைப் படத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குருசுக்குப்பத்தில் மீன் விற்ற ஆதிலட்சுமி அக்கா, நம்மைப் பார்த்து, "ஏண்டி பொண்ணுங்களா, எம்மூஞ்சில இன்னா சினிமாவா ஓடுது? நகருங்கடி!" என்று திட்டித் தீர்த்தார்களே, அந்தக் காட்சி. மைக் செருகவே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரிந்தது. பரீட்சைக்கு வந்த அம்மாள், "உழைக்கும் பெண்ணின் பாடலை மௌனமாக விட்டது துணிச்சல்" என்று சொன்னபோது நீ என் தொடையைக் கிள்ளியதில் நகம் பதிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். உன் பொண்ணு எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. 'பிடிவாதம்.' 'தனக்குள்ளேயே இருக்கிறாள்.' இது என்னடி? இதற்கா நாம் அந்த வேர்வையில் உட்கார்ந்திருந்தோம்?

சனிக்கிழமை வகுப்பு மறந்துபோச்சா? ஒருத்தி திரையைப் பார்த்து உட்காருவாள், இன்னொருத்தி திரைக்கு முதுகு காட்டி உட்காருவாள். பார்க்கிறவள் சொல்லச் சொல்ல, முதுகு காட்டினவள் அந்தச் சட்டகத்தைத் தாளில் வரைய வேண்டும். எப்போதும் நீ பார்ப்பாய், நான் வரைவேன். "அவன் சோகமா இருக்கான்" என்று நீ ஒரு தடவை சொன்னதற்கு மிஸ் பென்சிலைத் தூக்கிப் போட்டார். "உன் சோகம் எனக்கு வேணாம். கை எங்க இருக்கு, கண்ணு எங்க போவுது, அதைச் சொல்லு."

இப்போது நான் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காலை நேரம் அவளைப் பார். என்ன நடக்கிறதோ அதை மட்டும் எழுது. பிடிவாதம், பயம், பாவம், எதுவும் வேண்டாம். சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் எழுது. மிஸ் அதை எப்படி நீட்டிச் சொல்வார், 'ஓர் ஷான்' என்று! "கதவு படத்துல இல்ல. ஆனா தட்டுற சத்தம் கேட்டு அவ திரும்பினா, கதவு இருக்கு."

உன்னாலா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன்.

துர்கா

*

முத்தியால்பேட்டை
16 ஜூலை 2025

துர்கா,

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன். என் பிள்ளை உனக்குப் பாடமா என்று. பிறகு அந்த மீன்காரக் காட்சி நினைவுக்கு வந்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். "இன்னாடி, நல்லாத்தானே இருந்த?" என்றார் அத்தை.

சரி, எழுதுகிறேன். தாளை எடுத்துக்கொள்.

அகலமான சட்டகம். கூடம். இடது பக்கம் ஃபிரிட்ஜ். நடுவில், தரையில் செல்வி. தெருக் கதவுக்கு அவள் முதுகு. அவள் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர், பாட்டில் மூடிகள். மூடியை ஒவ்வொன்றாக டம்ளரில் போடுகிறாள். போட்டதும் டம்ளரின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைக்கிறாள். கையை எடுக்கிறாள். அடுத்த மூடி.

நான் எதிரே நாற்காலியில். அடுப்படி சட்டகத்துக்கு வெளியே, வலது பக்கம். குக்கர் விசில் வருகிறது. செல்வி மூடி போடுகிறாள். இன்னொரு விசில். மூடி போடுகிறாள்.

ஜன்னல் கம்பியில் காக்கா உட்காருகிறது. அதன் நிழல் டம்ளர் மேல் விழுகிறது. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கிறாள். காக்கா பறந்துவிட்டது. காலி ஜன்னலையே பார்க்கிறாள்.

அத்தை தேங்காய்க் கிண்ணத்தோடு குறுக்கே போகிறார். புடவை அவள் முன்னால் நகர்கிறது. எழுந்து பின்னாலேயே ஓடுகிறாள். நானும் போகிறேன். அத்தை மிக்ஸியைப் போடுகிறார். செல்வி மேடையில் இரண்டு கையையும் விரித்து வைக்கிறாள், கன்னத்தையும் வைக்கிறாள். பல் தெரிகிறது. மிக்ஸி நிற்கிறது. கன்னத்தை எடுக்கிறாள்.

மறுபடி கூடம். டம்ளர். வாசலில் விக்ரம் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார், அன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். நான் கதவுப் பக்கம் திரும்புகிறேன். செல்வி என் முகத்தைப் பார்க்கிறாள். என் முகம் திரும்பியிருக்கிற திசைக்குத் தன் முகத்தைத் திருப்புகிறாள். அப்போதுதான் அவரைப் பார்க்கிறாள், எழுந்து ஓடுகிறாள்.

அடுப்படியிலிருந்து "செல்வி, வாம்மா, இட்லி" என்று கூப்பிட்டேன். வரவில்லை. அதைத்தான் பிடிவாதம் என்று எழுதியிருந்தேன். எதிரே போய்க் குனிந்து மறுபடி சொன்னேன். என் வாயைப் பார்த்தாள், கண்ணை இல்லை. பேசுகிறவரை வாயையே பார்த்தாள். பேசி முடித்ததும் வாயைத் திறந்தாள்.

இவ்வளவுதான். நான் இவ்வளவு நேரம் இவளை இப்படிப் பார்த்ததே இல்லை. 'போன் கேட்டு அழப்போறா' என்ற பயத்தோடுதான் பார்த்திருக்கிறேன்.

வரைந்தாயா?

குழலி

*

துலூஸ்
1 ஆகஸ்ட் 2025

குழலி,

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன். அச்செடுத்து இன்றே உன் கையில் கொடுக்கச் சொல்கிறேன். தபாலுக்குக் காத்திருக்க மனசில்லை. நம்பர் தந்திருந்தால் இந்நேரம் கூப்பிட்டிருப்பேன், பிடிவாதக்காரி நீதான்.

வரைந்தேன். தியேட்டரில் மத்தியானக் காட்சி ஓடும்போது, டிக்கெட் மேசையிலேயே. டம்ளர், ஃபிரிட்ஜ், ஜன்னல், உன் நாற்காலி. பிறகு பழக்கப்படி சட்டகத்துக்கு வெளியே இருந்து உள்ளே வருகிறவற்றுக்கு அம்புக்குறி போட ஆரம்பித்தேன். குக்கர். ஹாரன். நீ கூப்பிட்ட குரல்.

ஒரு அம்புகூட அவளைப் போய்ச் சேரவில்லை, குழலி. சேர்ந்ததெல்லாம் அவள் கண்ணில் பட்டது, இல்லை கையில் பட்டது. நிழல், புடவை, உன் முகம். மிக்ஸிக்கு ஓடவில்லை, அத்தை பின்னால் ஓடினாள். மேடையின் அதிர்வுக்குக் கன்னத்தை வைத்தாள்.

நான் டாக்டர் இல்லை. தப்பாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவளுக்கு ஓர் ஷான் இல்லை என்று நினைக்கிறேன். சட்டகத்துக்கு வெளியே உலகம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. காதைப் பார்க்கச் சொல். நாளைக்கே.

துர்கா

*

முத்தியால்பேட்டை
24 ஆகஸ்ட் 2025

துர்கா,

சித்தப்பா வாசலில் நின்று தாளை நீட்டினார். "கையில குடுக்கணும்னு சொன்னா, படிச்சிட்டு சொல்லும்மா" என்று நின்றுகொண்டே இருந்தார். படித்தேன். உள்ளே போய் அத்தையின் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, செல்வி முதுகுக்குப் பின்னால் தரையில் படாமல் ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஓங்கித் தட்டினேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. செல்வி மூடி போட்டாள்.

விக்ரம் சுவரோடு சாய்ந்துவிட்டார். "ஐயோ, எங்கண்ணு" என்று அத்தை உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "ஆட்டோ கூப்புடட்டா?" என்றார்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதும். பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்கிறார்கள். முழுக்க இல்லாமல் போகவில்லை, மிஷின் போட்டால் நிறையக் கேட்கும், பயிற்சி கொடுத்தால் பேச்சும் வரும், தாமதமாக வரும். போன் என்று ஆரம்பித்தேன். சோதித்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன்னால இது வராதும்மா. யாரு சொன்னாங்க?"

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, துர்கா. பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள், எனக்கோ, அப்பாடா, காரணம் நான் இல்லை என்று இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்காக அழுதேன். விக்ரம் பக்கத்தில் வந்து, "அழாத, மிஷின் வாங்கிடலாம்" என்கிறார்.

உன்மேல் கோபமும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். ராப்பகலாக மடியில் வைத்திருக்கிற எனக்குத் தெரியாதது, எங்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டு இருக்கிற உனக்குத் தெரிகிறது. இது என்ன நியாயம்? என்ன அம்மா நான்?

குழலி

*

துலூஸ்
9 செப்டம்பர் 2025

குழலி,

கோபப்படு, ஆனால் கணக்கைச் சரியாகப் போடு. நான் எதையும் பார்க்கவில்லை. எனக்கு முதுகுதானே திரையைப் பார்த்து இருந்தது? குக்கர் விசிலுக்குப் பிறகு 'மூடி போடுகிறாள்' என்று எழுதினவள் நீ. இரண்டாவது விசிலுக்கும் அதையே எழுதினவள் நீ. உன் முகம் திரும்பின திசைக்கு அவள் திரும்பினதைப் பார்த்தவள் நீ. இங்கே தினமும் எத்தனையோ பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். ஒருத்தருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

நான் ஊரை விட்டு வந்த பிறகு என் எதிரே உட்கார்ந்து யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. அந்தத் தாளை வரைந்த மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன். விஷயம் புரிகிற வரைக்கும்.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கோணலாக வந்திருக்கிறது, நீ உயரம் சொல்லவில்லை.

மிஷின் போட்டதும் எழுது. பார்த்ததை மட்டும்.

துர்கா

*

முத்தியால்பேட்டை
19 அக்டோபர் 2025

துர்கா,

மிஷின் வந்துவிட்டது. இளஞ்சிவப்பு. என் அப்பா தமிழ்மாறனின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி ஒரே இழுப்பில் கழற்றுகிறாள். முதல் நாள் போட்டதும் முகத்தைச் சுளித்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தன் கத்தல் தனக்கே கேட்டதும் நிறுத்தினாள். மறுபடி கத்திப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வரை கத்திக் கத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே எட்டிப் பார்த்தது. நான் யாரையும் சமாதானம் செய்யவில்லை.

ஒரு மிஷினை மாவுப் பாத்திரத்தில் போட்டுவிட்டாள். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் விக்ரம் ஒரு மணி நேரம் துடைத்தார்.

அத்தை எதிர்வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். டிவி போர்வையை நானே எடுத்தேன். போன வாரம் அவர் அடுப்படியில் என்னைப் பற்றி விக்ரமிடம் ஏதோ முணுமுணுக்க, கூடத்திலிருந்து செல்வி திரும்பி எட்டிப் பார்த்தாள். அத்தை பிடித்துக்கொண்டார். "பாத்தியா? எம்பேச்சுக்குத் திரும்புற ஒரே ஆளு இந்த வூட்ல இவதான்."

சொல் இன்னும் வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே சொல்லித் தருவது எனக்குப் பழக்கமான வேலைதான். எதிரே உட்கார், பார்க்கிறதைச் சொல், பொருளைக் காட்டு. பயம் போகவில்லை, துர்கா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காதைப் பார்த்துச் சிரிப்பார்களோ, படிப்பு வருமோ என்று எதையாவது நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்த இருட்டு அறையில் உட்கார்ந்திருந்த பெண் திரும்பி வரமாட்டாள் என்று தெரிகிறது. நாம் இரண்டு பேரும் ஒரு நாள் அங்கே போய் நிற்க வேண்டும். இப்போது அது கம்ப்யூட்டர் அறையாம். ஏசி போட்டிருக்கிறார்களாம். வேர்க்காது.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து புடவையைப் பிடித்து இழுக்கிறாள். "இருடி, துர்கா பெரியம்மாவுக்கு எழுதறேன்" என்றேன். விடவில்லை. பின்கட்டுப் பக்கம் கையை நீட்டுகிறாள். அங்கே ஒன்றுமில்லை. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். தாளில் ஈரம் பட்டிருந்தால் அது கண்ணீர் இல்லை.

பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நின்றேன். பிறகுதான் கேட்டது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூறல். அவள் கூரையை நோக்கி விரலை நீட்டினாள். "மழை" என்றேன். விரலை இறக்கவில்லை. "மழை" என்றேன். சத்தம் வலுக்க ஆரம்பித்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி சொன்னேன். அத்தை ஓடிவந்து, "கொடியில அத்தினி துணியும் நனையுது, ரெண்டு பேரும் நின்னு வேடிக்கையா பார்க்கறீங்க?" என்று கத்துகிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

குழலி